அரை மில்லிமீட்டர்

மோஷோன்மொட்யரோவார்.
எங்கள் ஊர்ப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல
உள்ளூர்ப் பற்கள் வேண்டும்.
ஆஸ்திரிய எல்லை கூப்பிடு தூரம்.
தெருவுக்கு நான்கு பல் மருத்துவர், ஒரு ரொட்டிக்கடை.
சனிக்கிழமைகளில் வியன்னாக்காரர்கள்
காரில் வந்து இறங்கி
வாயைத் திறக்கிறார்கள்.

நான் வாய்களைப் பார்ப்பதில்லை.
இறைச்சிக்கடைக்கு மேல்மாடியில்
என்னிடம் வந்து சேர்வது
ஒரு பிளாஸ்டர் அச்சு,
ஒரு புகைப்படம்,
நிறத்துக்கு ஓர் எழுத்தும் எண்ணும்.
இருப்பதிலேயே வெளுத்த எண்ணுக்கும் மேலே
கேட்பவர்கள் உண்டு;
குளியலறைச் சுவரின் வெள்ளை.
செய்து தருகிறேன்.
தானம் வந்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
காசு கொடுத்தவர்கள் பார்க்கட்டும்.

கெர்லிண்டேயின் அட்டையில் எண் இல்லை.
“நேரில் வா, போர்பாலா”
என்று டாக்டர் வில்மோஷ் கிறுக்கியிருந்தார்.

போனேன்.
மேல்வரிசையில் எட்டுப் பற்கள்.
ஒவ்வொன்றின் குறுக்கேயும் சாம்பல் பட்டை,
ஏரி வற்ற வற்றக் கரைக்கல்லில் விழும்
நீர்க்கோடு மாதிரி.
நான்கு வயதில் காய்ச்சலாம்.
மருந்து கொடுத்தார்கள், பிழைத்தாள்.
ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருந்த பற்கள்
அந்த மருந்தைக் குடித்துத்
தேதி போட்டு வைத்துக்கொண்டன.

வேலை, ஐசென்ஷ்டாட்டில்
ஈமச்சடங்கு நிறுவனம் ஒன்றின் வரவேற்பு மேசை.
முப்பத்தொரு வருடம்.
“சிரிக்க வேண்டாத உத்தியோகமாகத்
தேடிப்பிடித்தேன்” என்றாள்,
உள்ளங்கைக்குப் பின்னாலிருந்து.

இருட்டை மறைப்பது பெரிய வித்தையில்லை.
சுண்ணாம்பு அடித்தால் கறை போகும்,
சுண்ணாம்பு தெரியும்.
பல் அப்படி இல்லை.
விழுகிற வெளிச்சத்தில் கொஞ்சத்தை உள்ளே விடும்,
கொஞ்சம் வைத்துக்கொள்ளும்,
மீதியை அவசரமில்லாமல் திருப்பித் தரும்.
பட்டையை மறைக்கவும் வேண்டும்,
வெளிச்சத்துக்குக் கதவு திறக்கவும் வேண்டும்.
இடமோ அரை மில்லிமீட்டர்.

முதல் செட் பல்லை இளித்தது.
பீங்கானுக்கு அடியிலிருந்து
காய்ச்சல் எட்டிப் பார்த்தது.
உடைத்துப் போட்டேன்.
இரண்டாவதற்கு மூன்று இரவுகள்:
எறும்பு மீசை போன்ற தூரிகை,
தண்ணீரில் குழைத்த பொடி,
சூளையின் ஆரஞ்சு வாய்.
நுனியில் மட்டும் ஒரு துளி நீலம்,
ஓரப்பல்லில் மயிரிழை விரிசல்;
ஐம்பத்தெட்டு வயதுப் பல்லுக்கு
அதுகூட இல்லாவிட்டால் யார் நம்புவார்கள்?
என் கடைவாயில் ஒரு பல் இல்லை.
அதைப் பிறகு பார்க்கலாம்,
ஐந்து வருடமாகப் பிறகு பார்க்கலாம்.

ஒட்டுகிற நாள்.
வில்மோஷ் ஏற்கெனவே சீவியிருந்தார்.
சீவிய எனாமல் நகமில்லை, முடியில்லை,
திரும்ப வளராது.
அவளிடம் அதைச் சொல்லி,
அவள் தலையாட்டி,
கையெழுத்தும் போட்டாயிற்று.

விளக்கு அணைந்தது.
“ஏதாவது பேசுங்கள், காற்று கசிகிறதா பார்க்கலாம்.”
அவள் யோசிக்கவில்லை.
நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து,
தாழ்ந்த, திருத்தமான குரலில்,
“தங்கள் பேரிழப்பில் நாங்களும் பங்கு கொள்கிறோம்”
என்றாள்.

உதவியாளப் பெண்தான் முதலில் வெடித்தாள்.
பிறகு வில்மோஷ், முகமூடிக்குள்.
பிறகு அவள்.
கை பழக்கத்தில் எழுந்தது,
மூக்கருகே வந்து
என்ன செய்வதென்று தெரியாமல்
அங்கேயே நின்றது,
தவறான மாடியில் திறந்துகொண்ட லிஃப்ட் போல.

எண்ணிவிட்டேன். எட்டும் இருந்தன.
நீலத்தில் ஒரு சொட்டு கூடிவிட்டதோ என்று
இன்னும் சந்தேகம்.

பழைய அச்சு என் அலமாரியில் இருக்கிறது,
மூன்றாவது தட்டில்,
யாரோ ஒரு மீன் வியாபாரியின் கீழ்த்தாடைக்குப் பக்கத்தில்.
பிளாஸ்டருக்கு வடிவம் மட்டுமே தெரியும்,
நிறம் தெரியாது.
அதில் அவள் பற்கள்
பட்டையில்லாமல், சீவப்படாமல்,
காய்ச்சலே வராதவள் போல
வெளேரென்று இருக்கின்றன.
தூசி தட்டும்போது
அதை மட்டும் தொடாமல் விடுகிறேன்.