பூஜ்யம் புள்ளி எட்டு

வின்னிபெக்கில் இன்றிரவு மைனஸ் முப்பத்தொன்று.
ஜன்னலின் உட்பக்கத்திலும் பனி ஏறிவிட்டது.
யசோ எறியச் சொன்ன பேக்கிங் தட்டைக் கவிழ்த்து
அதன்மேல் கடையை விரிக்கிறேன்:
ஒரு சாண் காந்தல் கம்பி,
பீங்கான் நுனி வைத்த சாமணம்,
மூன்று மில்லிமீட்டர் தண்டு,
முட்டை அட்டையில் பஞ்சு.

சுற்றுகிறேன்.
ஒன்று, இரண்டு, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு.
ஆறாவதில் கை வழுக்கும்,
எப்போதும் ஆறாவதில்தான்.

பகலில் நான் பஸ் கராஜில் வயர் பார்ப்பவன்.
செத்த விளக்கொன்றைத் தேடி
நாற்பதடி வண்டியின் வயிற்றுக்குள்
தோள்வரை கை விடுகிற வேலை.
இதுவோ நகக்கண்ணளவு.
திருகாணியை முறுக்கும்போது
மூச்சை நிறுத்திக்கொள்கிறேன்.
மூச்சுக்காகத்தானே இவ்வளவும்.

மீட்டர் பூஜ்யம் என்கிறது.
வெறும் பூஜ்யம்.
எங்கோ ஒரு கால் சுவரில் சாய்ந்து நிற்கிறது.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றித் தேடி
நுனியை நறுக்குகிறேன்.
டிக்.
அந்தத் துண்டு எங்கே தெறித்ததென்று
நாளை யசோவின் காலுறை சொல்லும்.

பூஜ்யம் புள்ளி எட்டு.
சரி.

பொத்தானை அழுத்தினால் ஓரம் மட்டும் சிவக்கிறது,
வீட்டில் ஒருவருக்கு மட்டும் கோபம் வந்ததுபோல.
சாமணத்தால் மெல்ல வருடிவிடுகிறேன்.
திரும்ப அழுத்தி, திரும்ப வருடி.
ஏழாம் தடவை நடுவிலிருந்து வெளிச்சம் கிளம்பி
இரு பக்கமும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தது.
இதைப் பார்க்க யாருமில்லை.

பஞ்சையும் நெருப்பையும் பக்கத்தில் வைக்காதே
என்றுதான் சொல்லி வளர்த்தார்கள்.
நான் பஞ்சை நெருப்பின் குடலுக்குள்
நுழைத்துக்கொண்டிருக்கிறேன்.
இறுக்கினால் சாறு ஏறாது,
தளர்த்தினால் ஒழுகும்.
நனைந்திருக்கிறவரைக்கும் பஞ்சு பற்றாது,
பழமொழிக்காரர் அதைச் சொல்லவில்லை.

முதல் திரியை நனைக்க மறந்தேன்.
நவம்பர் அது.
ஒரே இழுப்பு.
தொண்டைக்குள் யாரோ பழம்பாயைக் கொளுத்தினார்கள்.
செருப்போடு கீழே இறங்கி
லாண்டரி அறை வாசலில் நின்ற ஒருத்தனிடம்
சிகரெட் கேட்டு வாங்கினேன்.
அதுதான் கடைசி.
கடைசியென்று நம்ப இன்னும் கூச்சமாயிருக்கிறது.

பன்னிரண்டு மில்லிகிராமில் தொடங்கி
ஆறு, பிறகு மூன்று.
போன வியாழன் கடைக்கார ட்ரெவர்
போத்தலில் மார்க்கரால் ஒரு வட்டம் போட்டுத் தந்தான்.
ஒன்றுமில்லை என்ற வட்டம்.
யசோவுக்குச் சொல்லவில்லை.
சொன்னால் கேட்பாள்,
அப்ப உந்தச் சாமான் என்னத்துக்கு?

தட்டில் நாலு இருக்கின்றன.
ஒன்று ரோடெலுக்கு, டயர் பகுதி.
இரண்டு வேய்னுக்கு,
கை நடுங்குவதால் அவனால் சுற்ற முடியாது,
அதை அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
நாலாவது என்னுடையது.
திரியின் வாலைச் சாய்வாக வெட்டி,
கிணற்றுக்குள் மடித்துவிட்டு,
சொட்டுச் சொட்டாக ஊற்றி, அது குடிக்கும்வரை காத்திருந்து
ஒரு முறை இழுத்துப் பார்த்தேன்.

பின்னிரவில் கதவு திறந்தது.
முதியோர் இல்லத்து வேலை முடிந்து
பூட்ஸோடு அவளும், அவளோடு குளிரும்.
"உதென்ன மணம், மாம்பழமோ?"
"ஓம்."
"இப்பிடி மணக்கிற மாம்பழம்
எந்த மரத்தில காய்ச்சது?"

கையுறையைக் கழற்றி எதிரே அமர்ந்தாள்.
பஞ்சுத் துணுக்கொன்றை என் சட்டையிலிருந்து எடுத்து
விரல்களுக்கிடையில் உருட்டினாள்.
போத்தலைத் தூக்கி விளக்கருகே பிடித்தாள்.
வட்டத்தைப் பார்த்தாள்.
பார்த்துக்கொண்டே இருந்தாள்.
பிறகு எடுத்த இடத்திலேயே,
எழுத்து சுவர்ப்பக்கமாய் இருக்க,
முன்பு நான் வைத்திருந்த மாதிரியே வைத்தாள்.

"சாப்பிட்டாச்சோ?" என்றாள்.

வேய்னுடையதில்
இன்னும் ஒரு காலை இறுக்க வேண்டியிருந்தது.