ஐந்துக்குக் கீழே

விண்ணப்பத்தின் ஏழாவது கட்டத்தில்
சிறுபான்மையினரா, ஆம் / இல்லை என்றிருந்தது.
ஆமைச் சுழித்தேன்.
எட்டாவது கட்டம், துறை.
போக்குவரத்துத் திட்டமிடல் என்று எழுத இடம் பற்றவில்லை.
கடைசி மூன்று எழுத்தும் கோட்டைத் தாண்டி
ஒன்பதாவது கட்டத்தில் தொங்கின,
படிக்கட்டுப் பையன்கள் மாதிரி.

வருமானச் சான்றுக்கு நாலு நடை.
"பஞ்சர் கடைக்கு என்னம்மா கணக்கு?" என்றார் வி.ஏ.ஓ.
அத்தாவிடம் ஒரு நோட்டு இருந்தது:
டியூப் இத்தனை, சொலூஷன் இத்தனை,
கடன் சொல்லிப் போன டிவிஎஸ் இத்தனை.
எழுபத்திரண்டாயிரம் என்று போட்டு முத்திரை குத்தினார்.
முத்திரையில் பாதி விழவில்லை.
அதற்கு இன்னொரு நடை.

உதவித்தொகை வந்தது.
அதாவது, வரும் என்று கடிதம் வந்தது.
பணம் ஏழு மாதமாக
தேவகோட்டை ரஸ்தாவில் நிற்காத ரயில்போலத்
தூரத்தில் சத்தம் மட்டும் கொடுத்தது.
சுலைகா லாத்தாவிடம் கைமாத்து வாங்கி
ஒரு பரீட்சை அட்டை, ஒரு குடை,
மழையில் அழியாத பேனா இரண்டு.

காலை ஐந்து நாற்பதிலிருந்து நிற்கிறேன்.
கோட்டையூர். பள்ளத்தூர். கண்டனூர்.
ஏறுகிற ஒருவருக்கு ஒரு கோடு.
நாலு கோடு நின்றால் ஐந்தாவது குறுக்கே விழும்.
அந்தியில் பார்த்தால் தாள் முழுக்க முள்வேலி.

கானாடுகாத்தானில் ஒரு வீடு.
முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில்.
என் படிவத்தில் அதற்கும் ஒரு வரி உண்டு.
உருவாகும் பயணங்கள்: ஒன்று.
காவலாளி, மாலை ஆறரை, சைக்கிள், புரோட்டா.

பூலாங்கண்மாய் விலக்கு என்பது
ஒரு வேப்பமரமும் ஒரு மைல்கல்லும்.
புதுவயல் அரிசி ஆலைக்குப் போக பஞ்சவர்ணம், ஆரோக்கியமேரி.
ஐடிஐக்குப் போக, ஒரு காலில் இரும்புப் பட்டை போட்ட பையன்.
தினமும் இந்த மூன்று பேர்தான்.
"மூணு பேருக்கு நிறுத்துனா
டைம் எப்புடிம்மா புடிக்கிறது?"
என்னிடம் நியாயம் கேட்டார் நடத்துநர்.
அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது.
அந்த வாரம் இரண்டு நாள் நிறுத்தினார்.

நெறியாளர் நல்ல மனிதர்.
வடையைப் பிய்த்துப் பாதி எனக்குத் தந்துவிட்டுச் சொன்னார்:
"சராசரி ஐந்துக்குக் கீழே உள்ள நிறுத்தங்களை
எடுத்துடலாம் சுமையா.
முடிவு சுத்தமா வரும்."
தலையாட்டினேன். வடை ஆறியிருந்தது.

விடுதி அறையில் அந்த வரியைத் தேர்ந்தேன்.
பூலாங்கண்மாய் விலக்கு நீலமாயிற்று.
சராசரி: ஒன்று புள்ளி இரண்டு.
ஒன்று புள்ளி இரண்டு ஆள் அங்கே நின்று
நான் பார்த்ததில்லை.
நின்றவர்கள் மூன்று பேர்.
பஸ் நிற்காத நாளில் ஏறினவர் பூஜ்யம்.
நிற்காததால் குறைந்தது,
குறைந்ததால் நிற்க வேண்டாம் என்று
எழுதப் போகிறவள் நான்.
அழிக்கும் பொத்தான் மேல் விரல்.
அந்த ஏழாவது கட்டம் ஏனோ ஞாபகத்துக்கு வந்தது.
தலைகள் குறைவு என்பதற்காகவே
எனக்கு வரவிருக்கும் பணம் அது.
அறைத்தோழி லைட்டை அணைக்கச் சொன்னாள்.
மடிக்கணினியை மூடினேன், நீலத்தோடு.

மறுநாள் வேப்பமரத்தடியில் நாலாவதாக நின்றேன்.
கணக்கெடுப்பவரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அது விதி.
ஆரோக்கியமேரி தூக்குச்சட்டியை உயர்த்தி ஆட்டினார்.
பையன் ரோட்டில் ஓரடி இறங்கினான்.
பஸ் வேகத்தைக் குறைத்தது,
எங்களை எண்ணிப் பார்ப்பதுபோல.
பிறகு போய்விட்டது.

படிவத்தில் அதை எழுத இடமில்லை.
ஏறியோர், இறங்கியோர், அவ்வளவுதான்.
வலது ஓரத்தில், ஸ்கேல் இல்லாமல்,
கோணலாக ஒரு கோடு இழுத்தேன்.
தலைப்பு: காத்திருந்தோர்.
அதன் கீழே மூன்று.

"அக்கா, பஸ் நம்பர எழுதிட்டீங்களா?"
எழுதிட்டேன்டா.
"அடுத்தது ஏழே காலுக்கு" என்று சொல்லிவிட்டு
பஞ்சவர்ணம் மைல்கல்லில் உட்கார்ந்தார்.
குடையை விரித்தேன்.
நாலு பேருக்கு அது போதவில்லை.