எண்பத்துநாலு, எண்பத்தாறு

லண்டன் பங்குச்சந்தை, டிசம்பர் 1973

நிற்பதுதான் என் வேலை.
புதுக் கட்டடத்தின் அறுகோணச் சாவடியில்
ஒன்பதரையிலிருந்து மூன்றரை வரை.
தரகன் வருவான். "ஓக்‌ஷாட் என்ன விலை?"
வாங்கவா விற்கவா, சொல்ல மாட்டான்.
நானும் கேட்கக் கூடாது, அநாகரிகம்.
ஒரே மூச்சில் இரண்டு விலை சொல்வேன்:
"எண்பத்துநாலு, எண்பத்தாறு."
தந்தால் நாலுக்கு எடுத்துக்கொள்வேன்,
கேட்டால் ஆறுக்குக் கொடுப்பேன்.
நடுவிலிருக்கும் இரண்டு பென்னியில்
எரிகிறது என் வீட்டு அடுப்பு.

சொல்லும்போதே முகத்தைப் பார்ப்பேன்.
ஹென்ஷா வாங்க வந்தால் குடையைக் கை மாற்றுவான்.
ப்ரிடோ விற்க வந்தால்
என் மகளின் படிப்பை விசாரிப்பான்.
பதினெட்டு வருடத்தில் நான் படித்த படிப்பு இது.

எதுவும் என்னிடம் தங்குவதில்லை.
காலையில் வந்த தகரச் சுரங்கம்
மதியச் சாப்பாட்டுக்குள் வேறொருவனுடையது.
வெறுங்கையோடு வீடு போகிறவன்தான்
எங்கள் தொழிலில் கெட்டிக்காரன்.

அன்று ஹென்ஷா வந்தான். குடை அசையவில்லை.
"உனக்கு விற்றேன், ஐயாயிரம்."
நோட்டில் கிறுக்கிக்கொண்டேன், விலையை இறக்கினேன்:
எண்பத்திரண்டு, எண்பத்துநாலு.
பரு மாறாத ஒரு பொடியன் வந்தான். விற்றான்.
எழுபத்தொன்பது, எண்பத்தொன்று.
தூரத்திலிருந்தே ப்ரிடோ கேட்டான்,
"மகள் எப்படிப் படிக்கிறாள்?"

வயிற்றைக் கலக்கியது.
அவர்களுக்கு என்னவோ தெரிந்திருந்தது.
எனக்கு விலை மட்டும்.

பக்கத்துச் சாவடி கோடார்ட்
தேநீர் குடிக்கப் போனவன் திரும்பவே இல்லை.
நான் நின்றேன்.
வீரமெல்லாம் இல்லை,
நாளைக்கும் இதே முகங்களிடம்தான்
வயிறு வளர்க்க வேண்டும்.
எழுபத்தாறு. எழுபத்துமூன்று.
மணி அடித்தபோது
என் தலையில் நாற்பத்தோராயிரம் பங்கு.

சிடன்ஹாம் ரயிலில் பாதி விளக்குகள் இல்லை.
ஜன்னலுக்கு வெளியே வீடு வீடாகச் செங்கல்,
புகைபோக்கி, மதில், பாலத்தின் அடிவயிறு.
ஓக்‌ஷாட் செங்கல் சுடுகிற கம்பெனி.
இத்தனை வருடம் அது எனக்கு
ஓர் எண்ணும் அதை அடுத்த எண்ணும்.

தெருவே மின்வெட்டில் கிடந்தது.
சாவியைத் தேடாமல்
வாசல் சுவரில் கை வைத்தேன். ஈரம், சொரசொரப்பு,
ஒன்றின் மூலையில்
சூளைக்காரனின் கட்டைவிரல் பதிந்த பள்ளம்.
என் விரல் அதில் சரியாக உட்கார்ந்தது.
மெழுகுவத்தியோடு வினிஃப்ரெட் கதவைத் திறந்தாள்.
"சுவரையா தடவுகிறாய்?"
"இன்றிரவு மட்டும் கொஞ்சம் நம்முடையது."
"நல்லதா?"
"இல்லை."

காலைப் பத்திரிகையில் நான்கே வரி:
நிலக்கரி இல்லை, மூன்று சூளைகள் அணைப்பு.
ஒன்பதரைக்கு முதல் ஆள்.
பழக்கமில்லாத குமாஸ்தா, நனைந்த காலர்.
"ஓக்‌ஷாட்?"
"அறுபத்திரண்டு, அறுபத்தெட்டு."
இடைவெளியை அகட்டியிருந்தேன்,
வழுக்குப் பாறையில் பயந்தவன்
காலை அகட்டி நிற்பதுபோல.
அவன் முகத்தில் தேடினேன்,
வாங்குகிற கண்ணா, விற்கிற கண்ணா என்று.

கைக்குட்டையை எடுத்து
நிதானமாக, வெகு நிதானமாக
மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான்.