ஒன்றரை மணிக்கு

தினமும் பகல் ஒன்றரை மணிக்கு
யாரோ என் தலைக்கு மேல் போகிறார்கள்.
அந்நேரம் நான் தரமணி கேன்டீனில்
தயிர்சாதத்துக்கு ஊறுகாய் கேட்டு நிற்பேன்.
எண்ணூறு கிலோமீட்டர் உயரம்.
நிமிர்ந்து பார்த்துப் பயனில்லை.
பார்த்ததை எல்லாம் எண்களாக்கிச்
சில நாளில் என் மேசைக்கு அனுப்பிவிடும்.

ஒரு கட்டம் என்பது
ஏழு கிலோமீட்டருக்கு ஐந்தரை.
அதற்குள் பெருங்குடிக் குப்பைமேடு,
அதை ஒட்டிச் சதுப்பு, கோரை, நாமக்கோழிகள்,
துரைப்பாக்கத்துக் கண்ணாடிக் கட்டடங்கள்,
கோதண்டத்தின் பதினோரு எருமைகள்,
வேளச்சேரியில் மூன்றாவது மாடியில்
வாடகைக்கு எடுத்த என் சமையலறை.
இத்தனைக்கும் சேர்த்து ஒரே எண்:
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு.
நூறு கோடி மூலக்கூறில் மீத்தேன் இவ்வளவு.
இதில் எருமையின் ஏப்பம் எது,
மாநகராட்சியின் ஏப்பம் எது,
போன வருஷம் நான் கொட்டிய
ஊசிப்போன சாம்பார் எது
என்று கேட்டால் அது வாய் திறக்காது.

காற்றும் ஒத்துழைப்பதில்லை.
கடல்காற்று சீக்கிரம் ஏறிவிட்ட நாட்களில்
பெருங்குடி விட்ட மூச்சை
மேடவாக்கத்தின் கணக்கில் எழுதிவிடும்.
திருடாத வீட்டில் போலீஸ் நுழைவதுபோல்
நான் மேடவாக்கத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு
பிறகு அழிப்பேன்.

ஏழு வருடங்களை ஒரு கோட்டில் நிறுத்தினேன்.
கோடு ஏறியது.
ஆனால் உலகமே ஏறுகிறது,
யாருமில்லாத தீவின் மேலும் ஏறுகிறது.
உலகத்தின் ஏற்றத்தைக் கழித்தேன்.
எங்கள் பங்கு என்று மிஞ்சியது எட்டு.
கூட்டியோ குறைத்தோ, பிழை பத்து.

எட்டை வைத்துக்கொண்டு பத்துக்குப் பதில் சொல்வது எப்படி?
அன்றைக்கு இரண்டு டீ குடித்தேன்.

எடைமேடையில் இருக்கும் ஏசுபாதம்
லாரிச் சீட்டில் தேதி குத்தியபடியே கேட்டார்:
“மேலருந்து பாத்தா நாத்தம் தெரியுமா மேடம்?”
மீத்தேனுக்கு வாசனையே கிடையாது,
நாறுவதெல்லாம் மற்றவை என்றேன்.
“அப்ப நாறாததத் தேடித்தான்
இவ்ளோ தூரம் வந்தீங்களா?”
சிரித்துவிட்டு, மண் மூடிய ஒரு சரிவைக் காட்டினார்.
பதினைந்தாம் வருட வெள்ளத்தில் ஊறிய மெத்தைகள்
அங்கேதான் அடியில் கிடக்கின்றனவாம்.
சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம்.
யார் யாரோ படுத்து எழுந்த பஞ்சு.
இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு.
அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் பாதி வரை
என் படத்தில் வெறும் வெள்ளைக் கட்டங்கள்.
மேகம் வந்தால் செயற்கைக்கோளுக்குக் கண் இல்லை.
சதுப்பு நிரம்பித் தளும்பி
குப்பையின் காலடி வரை நீர் ஏறும்
அந்த எட்டு வாரம்தான் அதற்குத் தெரியாது.
“முன்பின் மாதங்களின் சராசரியைப் போட்டு நிரப்பிடுங்க”
என்றார் சுந்தரவல்லி மேடம்.
“ஓட்டையோட ரிப்போர்ட் அனுப்ப முடியாது.”

தலையாட்டிவிட்டு வந்தேன்.
ஃபார்முலா ஒரே வரிதான். அடித்தும் விட்டேன்.
நவம்பர் அழகாக நிரம்பியது,
ஆகஸ்டின் முகமும் ஜனவரியின் முகமுமாய்,
பார்க்காத பெண்ணுக்குச் சொன்ன அடையாளம் மாதிரி.

மறுநாள் தூறலில் பெருங்குடிக்குப் போனேன்.
ஏசுபாதம் ஒரு சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டார்.
எனக்கும் ஒன்று தந்தார்.
கரையோரம் கலங்கிய நீரில்
குமிழிகள் வந்தன.
ஒன்று. சற்றுத் தள்ளி இரண்டு.
பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு ஒரே இடத்தில் ஐந்தாறு,
மழைத்துளி விழுந்து எழுந்தவையா,
அடியிலிருந்து வந்தவையா,
உற்றுப் பார்த்தால்தான் பிரித்தறிய முடிந்தது.

கைக்கடிகாரத்தில் ஒன்றரை.
மேலே சாம்பல் நிறம். அதற்கும் மேலே
அது போய்க்கொண்டிருக்கும்,
எங்களைக் குறித்து எதுவும் எழுதாமல்.

பதினேழு வரை எண்ணினேன்.
அதற்குள் ஒரு லாரி
பின்னால் வரும்போது பாடும் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு
எங்களை நோக்கி வந்தது.
“தள்ளி நில்லுங்க மேடம்.”
தள்ளி நின்றேன்.
கொட்டினார்கள்.

நவம்பரை மறுபடி வெள்ளையாக்க வேண்டும்.