அறுபது நொடி

மலோம்பே ஏரிக்கரைப் பள்ளியில் மேசை கிடையாது.
கவிழ்த்த வாளிமேல்
கடிகாரத்தை வைத்தேன்.

விதி ஐந்து: உதவக் கூடாது.
விதி ஆறு: முகத்தில் எதுவும் காட்டக் கூடாது.

அட்டையில் ஓர் ஆடு ஆற்றுக்குப் போகிறது.
மூன்றாம் வகுப்பு எனெலெஸ்
'ம்புசி' என்று ஆட்டை வாசித்துவிட்டாள்.
'போகிறது' வரவில்லை.
அதன் முதலெழுத்தை
சுடுமீன் துண்டைப்போல் வாயில் வைத்துக்கொண்டு
மீதி நேரமெல்லாம் நின்றாள்.

மணி அடித்தது.
சரியான சொற்கள்: ஒன்று.

எழுந்தவள் கேட்டாள்,
"ஆடு எங்கே போச்சு?"

குலுக்கலில் புத்தகம் விழாத பள்ளி இது.
ஒப்பிட்டுப் பார்க்கவென்று
இருந்தபடியே விட்டுவைத்த எண்பதில் ஒன்று.
குன்றுக்கு அந்தப் பக்கம்
பெட்டி பெட்டியாய் இறங்கியிருக்கிறது.
பலன் தெரிய
பெறாதவர்களும் வேண்டும் என்றார்கள் பயிற்சியில்.
தலையாட்டினேன். இப்போதும் மறுக்க மாட்டேன்;
அளக்காமல் அனுப்பிய புத்தகங்களைக்
கரையான் படித்து முடித்ததைக்
கண்ணால் பார்த்தவள்.

ஆனாலும் 'குறிப்பு' கட்டத்தில்
அவள் கேள்வியை எழுதிவைத்தேன்.

லிலோங்வே அலுவலகத்திலிருந்து யாமிகானி அழைத்தான்:
"நாலாயிரத்து இருநூறு வரிசை.
உன் வரிசையில் மட்டும் ஆடு மேய்கிறது.
அழித்துவிடவா?"

வேண்டாம் என்றேன்.
"சரி, எந்தக் கணக்கில் சேர்ப்பது?"

மினிபஸ் கிளம்பிவிட்டது, சிக்னல் போய்விட்டது.
முந்நூறு பிள்ளைகளிடம் நீட்டிய அட்டையை
அன்றுதான் கடைசி வரிவரை வாசித்தேன்.
ஆடு கரைக்கு வருகிறது.
தண்ணீரைப் பார்க்கிறது.
அவ்வளவுதான் அச்சிட்டிருக்கிறார்கள்.