மைக் துளை இல்லாதது

திபிலிசி, வறண்ட பாலத்தருகே ஞாயிறு காலை.
நோதர் விரித்த கம்பளியில்
கரண்டிகள், பதக்கங்கள், பூட்டில்லாச் சாவிகள்,
நடுவே கைக்குள் அடங்கும் ஒரு கேமரா.

"முந்நூறு லாரி. முன்பே சொல்லிவிடுகிறேன்,
மைக் செருக இதில் இடமில்லை.
வீடியோ எடுப்பவர் யாரும் தொடுவதில்லை."
அதனால்தான் அதற்கு அந்த விலை.

துளை உள்ளது பக்கத்தில் இருந்தது. ஆயிரத்து இருநூறு.
கேட்டுவிட்டுக்
கையைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

லென்ஸுகளில்தான் காலை கழிந்தது.
ஒன்றினுள் பூஞ்சை, சிலந்தி நூல் போல.
ஒன்றின் வளையம் மணல் அரைத்தது.
மூன்றாவது பழைய சோவியத் கண்ணாடி,
பித்தளை தெரியத் தேய்ந்தது.
வானத்துக்கு நேரே பிடித்தேன்,
முழுதும் திறந்து வெளிச்சம் குடித்தது.
"ஓரமெல்லாம் மங்குமே" என்றார்.
மங்கட்டும். ஓரத்தில் அடுப்புதான் இருக்கும்.

ஏதெரி, ஷால்வா வீட்டுச் சமையலறையில்
ஒரே ஒரு குண்டு பல்பு.
அதன் கீழே இரவெல்லாம் சண்டை:
உப்பைப் பற்றி,
மகன் எழுதாத கடிதத்தைப் பற்றி,
விரல்களால்.
அவள் கை அவன் பேச்சில் குறுக்கிடும் வேகத்துக்கு
இருட்டுக் கண்ணாடி ஈடுகொடுக்காது;
சுண்டுவிரல் கலங்கினால்
வாக்கியமே மாறிவிடும்.

நோதர் இன்னும் ஒலியைப் பற்றியே
பேசிக்கொண்டிருந்தார்.
லென்ஸும் அடாப்டரும் சேர்த்து நானூற்றுப் பத்து.
எண்ணிக் கொடுத்தேன்.

அன்றிரவே சோதனை.
சிறு திரையில் தன் கைகளை
ஏதெரி வெகுநேரம் பார்த்தாள்.
பிறகு என் பக்கம் திரும்பி,
மெல்ல, இடுப்பளவில் வைத்துக் கேட்டாள்:
நான் இப்படியா கத்துகிறேன்?