கொண்டி

பதினோரு நாளைக்கு வீட்டை வாடகைக்கு விட்டோம்,
திக்கணங்கோட்டில், சானல்கரையை ஒட்டினது.
ஒரு தொடருக்கு. பெயர் கேட்காதீர்கள்,
சண்டை போடுகிற இரண்டு மருமகள்கள், அவ்வளவுதான்.

வந்ததும் கொடியில் கிடந்த ரப்பர் ஷீட்டையெல்லாம் சுருட்டி
கோழிக்கூட்டுக்குப் பின்னால் தள்ளினார்கள்.
நாற்றம் கேமராவில் விழாதே என்றேன்.
"கண்ணுக்கு நாறுதும்மா" என்றார் மேனேஜர்.

என் அடுக்களையில் நின்று
என் டம்ளரில் சாயா குடித்தாள் இளையவள்.
டம்ளரில் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாததை ஊதினாள், உறிஞ்சினாள்,
சீனி குறைவு என்று முகம் சுளித்தாள்.
எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

போனைப் பேசிவிட்டு யாரும்
"செரி, வைக்கட்டா" என்று கேட்கவில்லை.
முகத்தில் அடித்ததுபோல் அணைத்தார்கள்.
என் நாத்தனார் குவைத்திலிருந்து கூப்பிட்டால்
வைக்கட்டா என்பதற்கே கால் மணி நேரம்.
வை. செரி வைக்கேன். ஆ, ஒரு காரியம் மறந்துபோனேன்.

இனி கேட்.
கொண்டியை மேலே தூக்க வேண்டும்,
தூக்கினபடியே அடியில் இடதுகாலால் ஒரு தட்டு,
பிறகு தோளைக் கொடுக்க வேண்டும்.
கறன்ட் கணக்கெடுக்க வருகிறவர் மதிலேறிக் குதிப்பார்.
மூத்த மருமகளுக்கோ
கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டு ஓடவேண்டும்,
ஒரே ஓட்டமாக, கண்ணைத் துடைத்துக்கொண்டு.
மூன்று தடவை ஓடினாள். மூன்று தடவையும் முட்டினாள்.
கடைசியில் என் மகன் ஷிஜோவை
வெளியே மதிலோரம் குத்தவைத்து
கொண்டியில் கட்டின சணலைக் கையில் கொடுத்தார்கள்.
நாலாவது தடவை
ஆண்டவரே திறந்ததுபோல் திறந்தது.
பெட்டி அவள் ஒரு விரலில் ஆடிக்கொண்டு போனது.

நானும் ஒருதடவை கோபித்துக்கொண்டு போயிருக்கிறேன்.
கருங்கல் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும்தான்.
பெட்டியில் நாலு சேலை, பிள்ளையின் துணி,
ஏனென்று இன்றைக்கும் தெரியாது, ஒரு மிக்சி ஜார்.
கைப்பிடி பதிந்த தடம் மறுநாளும் உள்ளங்கையில் கிடந்தது.
இடுப்பில் ஷிஜோ, ஒருவயசு.
கொண்டியைத் தூக்கினேன், தட்டினேன், தோளைக் கொடுத்தேன்.
அசையவில்லை.
இரண்டாவது தட்டில் செருப்பு அறுந்தது.
வில்பிரட் உள்ளேயிருந்து வந்தார்.
ஒரு வார்த்தை பேசாமல்
தூக்கி, தட்டி, தோளைக் கொடுத்து
திறந்துவிட்டார்,
நான் போவதற்கு.

அந்தக் காட்சி வந்த அன்றைக்கு
கூடத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும்.
"நான் அங்கதான் இருக்கேன், மதிலுக்கு அந்தப்பக்கம்!"
ஷிஜோ திரையில் விரல்வைத்துக் காட்டினான்.
மதில்தான் தெரிந்தது.
மருமகள் ஓடினாள். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள்.
வில்பிரட் மட்டும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"இவ போகமாட்டா" என்றார்.
"மிக்சி ஜார் எடுக்கல்ல."
நான் யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

வாடகைப் பணத்தில் கேட்டை மாற்றச் சொன்னார்கள் பலரும்.
ஷீட் அடிக்கிற மெஷினுக்கு ரோலர் வாங்கினோம்.
ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த மச்சான்
ஒற்றைக்கையால் கேட்டை இழுத்து
முழங்கையை இடித்துக்கொண்டு நிற்கிறார் வெளியே.
"டிவியில தானா தொறந்துதே, கண்டேனே!"

"நில்லும்" என்கிறேன், "வாறேன்."